உடைமையும் உறைவிடமும்

தன் வீட்டுக்கு எவ்வளவு வாடகை கேட்பது, யாரைக் குடிவைப்பது, எப்போது காலி செய்யச் சொல்வது என்பவை சொந்தக்காரரின் விருப்பத்தைப் பொறுத்தவை என்றே பொதுவாக நினைக்கிறோம். பொருள் அவருடையது, எனவே முடிவும் அவருடையது. ஆனால் அந்தப் பொருள் மற்றொருவரின் உறைவிடமாகவும் இருக்கிறதே! அப்போதும் முடிவு ஒருவருடையது மட்டும்தானா? நகரங்களில் வாழும் எத்தனையோ குடும்பங்களின் நிம்மதி இந்தக் கேள்வியின் விடையைச் சார்ந்திருக்கிறது.

மும்பை தரும் பாடம்

இந்தக் கேள்வியை நெடுங்காலமாகச் சந்தித்து வரும் நகரம் மும்பை. அங்கே பரேல், லால்பாக் முதலிய பகுதிகளில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ‘சால்’ எனப்படும் குடியிருப்புகளில், பெரும்பாலும் ஒரே அறையில், குடும்பத்துடன் வாழ்ந்தனர். 1982 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தத்திற்குப் பின் ஆலைகள் பல மூடப்பட்டன. அந்நிலங்களில் இன்று வணிக வளாகங்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. நிலத்தின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. அங்கே உழைத்தவர்களின் வருமானமோ உயரவில்லை.

ஏழைகளுக்கு இரங்கி அரசு ஏற்கனவே சட்டம் செய்திருந்தது. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்தை ஒட்டி நிறுத்தி வைத்தது. இதனால் பலர் தெருவுக்கு வராமல் காப்பாற்றப்பட்டனர். ஆனால் விலைவாசி ஏற ஏற, அந்த வாடகை பழுதுபார்ப்பதற்குக்கூடப் போதவில்லை. கட்டடங்கள் சிதைந்தன; சில இடிந்து விழுந்து உயிர்களையும் பலிகொண்டன. புதிதாக வருபவர்களோ ‘பக்டி’ என்ற பெயரில் பெருந்தொகை கொடுத்தால்தான் வீடு என்ற நிலை ஏற்பட்டது. வாடகையை இவ்வாறு உறைய வைத்தது காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 1997 டிசம்பரில் கூறியது. பின்னர் வந்த 1999-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 4 சதவீத உயர்வை அனுமதித்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? சமுதாயம் முழுவதும் சேர்ந்து சுமக்க வேண்டிய கடமையை ஒரு சாராரின் தோளில் மட்டும் ஏற்றினால், இரக்கமும் அநீதியாகிவிடும். இறுதியில் அது யாரைக் காக்க எழுந்ததோ அவர்களையே வருத்தும்.

உரிமையின் எல்லை

அப்படியானால் எல்லாவற்றையும் சந்தையின் போக்கிற்கே விட்டுவிடலாமா? பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாழும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் வாடகை உயருமோ, காலி செய்யச் சொல்வார்களோ என்ற அச்சம். வீடு மாறினால் குழந்தையின் பள்ளி மாறுகிறது. முதியவர்கள் பழகிய மனிதர்களை இழக்கிறார்கள். வேலைக்குச் செல்லும் தூரம் கூடுகிறது. 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உண்மையை ஏற்றது. வேலைக்கு அருகில் இருப்பதற்காகவே அவர்கள் அங்கே தங்குகிறார்கள். அகற்றினால் பிழைப்பும் போகும். பிழைப்பதற்கான உரிமை வாழும் உரிமையின் பகுதியே என்றது. எனினும் முறைப்படி அவர்களை அகற்றுவதை நீதிமன்றம் தடுக்கவில்லை. சட்டத்தால் செல்ல முடிந்த தூரம் அவ்வளவுதான்.

சட்டம் நிற்கும் இடத்தில் தர்மம் தொடங்குகிறது. நிலத்தின் மதிப்பு உயர்வது யாரால்? நிலச் சொந்தக்காரர்கள் உழைக்காமல், உறக்கத்திலேயே செல்வந்தராகிறார்கள் என்ற கருத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜான் ஸ்டூவர்ட் மில் முன்வைத்தார். சாலை போட்டவர், ஆலையில் உழைத்தவர், கடை நடத்தியவர் என எல்லோருமே அந்த உயர்வுக்குக் காரணமானவர்கள். வீடு நம்முடையதாக இருக்கலாம். ஆனால் அதன் மதிப்பு முழுவதும் நாம் படைத்தது அல்ல. எல்லாம் இறைவனால் நிறைந்தது, ஆதலால் பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே என்று கூறும் ஈசாவாஸ்ய உபநிஷதத்தின் முதல் மந்திரத்தை மகாத்மா காந்தி பெரிதும் போற்றினார். செல்வர்கள் தங்கள் உடைமைக்கு அதிபதிகள் அல்லர், தர்மகர்த்தாக்களே என்பது அவரது கருத்து.

ஒரு கேள்வி போதும்

மும்பையின் வாடகைச் சட்டத்திலேயே ஓர் அரிய அம்சம் உண்டு. தன் சொந்தத் தேவைக்காக வீட்டைத் திரும்பக் கேட்டு உரிமையாளர் வழக்குத் தொடுத்தால், காலி செய்ய வைப்பதனால் குடியிருப்பவருக்கு வரும் துன்பம் பெரிதா, மறுப்பதனால் உரிமையாளருக்கு வரும் துன்பம் பெரிதா என்று நீதிபதி எடைபோட வேண்டும். நீதிபதி கேட்கும் இந்தக் கேள்வியை நாமே நம்மிடம் கேட்டுக்கொண்டால் என்ன?

வாடகையை உயர்த்துமுன் உரிமையாளர் கேட்கட்டும். வேறிடத்தில் சொந்த வீடு இருந்தும், பழைய வாடகை வீட்டை விடாமல் வைத்திருப்பவரும் கேட்கட்டும். அந்த வாடகையையே நம்பி வாழும் முதிய தம்பதியராகவும் வீட்டுக்காரர் இருக்கலாம் அல்லவா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒருபுறம் ஆளில்லாத வீடு, மறுபுறம் வீடில்லாத ஆள். இதற்குச் சமுதாயமாக நாம் அனைவரும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

எதிரில் நிற்பவரின் துன்பத்தையும் நம் துன்பத்துடன் ஒரே தராசில் வைப்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. நம் உடைமை பிறருக்கு நிழல் தரும்போதுதான் அது செல்வம். அச்சம் தரும்போது அது வெறும் சுவரே.