மௌனம் சம்மதமா?

திங்கட்கிழமை காலை பத்து மணி. முக்கால் மணி நேரம் தானே பேசி முடித்த மேலாளர், "வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்கிறார். கேட்கும்போதே கை லேப்டாப்பை மூடிக்கொண்டிருக்கிறது. சுற்றி இருப்பவர்கள் மேசையைப் பார்க்கிறார்கள். "அப்போ எல்லாருக்கும் ஓகே" என்று கூட்டம் கலைகிறது. உண்மையான கூட்டம் அதற்குப் பிறகு டீக்கடையில் நடக்கிறது.

கூட்டத்தைப் பயனுள்ளதாக நடத்துவது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. அஜெண்டாவை முன்கூட்டியே அனுப்பு, நேரத்தோடு தொடங்கு, நேரத்தோடு முடி என்று அவை சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் மௌனத்தை என்னவென்று எடுத்துக்கொள்வது? வாய் திறக்காதவர் ஒப்புக்கொண்டவரா? பேசவில்லை என்பதை மட்டும் வைத்து ஒருவரை ஒரு முடிவுக்குப் பொறுப்பாளி ஆக்குவது நியாயமா? இது அறம் சார்ந்த கேள்வி. மேலாண்மைப் பள்ளிகள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே துறவிகளின் சபைகளும் சமய மன்றங்களும் இதோடு மல்லுக்கட்டியிருக்கின்றன.

பௌத்த சங்கம் சொன்ன விடை: ஆம், மௌனம் சம்மதம்தான். ஆனால் அந்த மௌனத்துக்கு அது விதித்த நிபந்தனைகள் கடுமையானவை. ஒருவருக்கு உபசம்பதை, அதாவது முழுத் துறவு, வழங்க வேண்டும் என்றால் குறைந்தது பத்துப் பிக்குகள் கூட வேண்டும். பிக்குகள் அரிதான எல்லைப்புற நாடுகளில் ஐவர் போதும். தகுதியுள்ள ஒரு பிக்கு எழுந்து தீர்மானத்தை முதலில் அறிவிப்பார். பிறகு அதையே மூன்று முறை சொல்வார். ஒப்புக்கொள்பவர் பேசாதிருக்கட்டும், ஒப்பாதவர் பேசட்டும் என்பதையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே சொல்வார். மூன்றாவது முறையும் எவரும் வாய் திறக்காவிட்டால்தான் சங்கம் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். சிறிய காரியங்களுக்கு ஒரு முறை அறிவித்தால் போதும். எதற்கு ஒரு முறை, எதற்கு மூன்று முறை என்பதும் வரையறுக்கப்பட்டிருந்தது.

விநயம் எனப்படும் சங்கத்தின் ஒழுக்க விதிகள் இன்னும் நுணுக்கமாகப் போகின்றன. சீமை என்று குறிக்கப்பட்ட எல்லைக்குள் இருக்கும் பிக்குகள் எல்லாரும் வந்தாக வேண்டும். நோயில் படுத்தவர் தன் சம்மதத்தை இன்னொருவர் மூலம் சொல்லியனுப்ப வேண்டும். விஷயம் விவாதத்தில் இருக்கும்போது சம்மதம் தெரிவிக்காமல் எழுந்து போவது குற்றம். முறைப்படி நடந்த காரியத்துக்குச் சம்மதம் கொடுத்துவிட்டு, பிறகு வெளியே போய்க் குறை பேசுவதும் குற்றம். டீக்கடைக் கூட்டம் அன்றைக்கும் இருந்திருக்கிறது போலும்.

பேசித் தீராத வழக்குக்கு சலாகை எனும் குச்சிகளால் வாக்கெடுப்பு உண்டு. மறைவாக, காதோடு காதாக, வெளிப்படையாக என்று அதற்கு மூன்று முறைகள். குச்சி வழங்குபவர் விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம் ஆகியவற்றால் வழிதவறாதவராக இருக்க வேண்டும். இதில் இன்றைய வாசகருக்கு உறுத்தும் ஒரு விஷயமும் இருக்கிறது. மறைவான வாக்கெடுப்பில் தர்மத்துக்கு மாறான பக்கம் குச்சிகள் கூடிவிட்டால், வாக்கெடுப்பு சரியில்லை என்று சொல்லி அவர் மறுபடி நடத்தலாம். பெரும்பான்மை வேறு, தர்மம் வேறு என்பது விநயத்தின் துணிபு. தலைமை வகிப்பவரின் கையில் இவ்வளவு அதிகாரத்தைக் கொடுத்ததால்தான் அவருடைய மனம் எப்படி இருக்க வேண்டும் என்று அவ்வளவு கறாராகக் கேட்டது.

காவிரிக்கரைக்கு இந்த விதிகள் அந்நியமானவை அல்ல. சோழ நாட்டுப் பூதமங்கலத்தில் இருந்துதான் பௌத்தத் துறவி புத்ததத்தர் விநயத்தைச் செய்யுளில் சுருக்கி, 'விநயவினிச்சயம்' என்ற பாலி நூலை எழுதினார்.

மூன்று முறை கேட்டாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. பெரியவர் கருத்தைச் சொல்லிவிட்ட பிறகு சின்னவர் எப்படி மறுத்துப் பேசுவார்? இந்த இடத்தை யூதர்களின் சட்ட மரபு நேரடியாகத் தொட்டது. சுமார் கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா, மரண தண்டனை வழக்குக்கு 23 நீதிபதிகள் வேண்டும் என்கிறது. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி அரைவட்டமாக உட்கார வேண்டும். சொத்து வழக்கு என்றால் மூத்தவர் முதலில் கருத்துச் சொல்லலாம். உயிர் சம்பந்தப்பட்ட வழக்கில் ஓரத்தில் அமர்ந்திருக்கும் இளையவரிடமிருந்தே தொடங்க வேண்டும். விடுவிக்க ஒரு வாக்கு கூடுதலாக இருந்தால் போதும், தண்டிக்க இரண்டு வேண்டும். மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் தல்மூதில் பதிவாகியிருக்கும் ஒரு கருத்து இன்னும் ஒரு படி மேலே போகிறது: நீதிபதிகள் அத்தனை பேரும் ஒரே குரலில் குற்றவாளி என்றால், குற்றம் சாட்டப்பட்டவரை விட்டுவிட வேண்டும். ஒருவருக்குக்கூட மாற்றுக் கருத்து தோன்றவில்லை என்றால், குற்றம் சாட்டப்பட்டவருக்காக யாரும் வாதாடிப் பார்க்கவே இல்லை என்ற சந்தேகம் அதில் தொனிக்கிறது. 'ஏகமனதாக நிறைவேறியது' என்று பெருமையோடு அறிக்கை வெளியிடும் நம் சங்கங்களும் கட்சிகளும் இதைக் கேட்டால் திடுக்கிடும்.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்கும் இதே திசையில் போகிறது. முக்கியமான காரியம் என்றால் மடாதிபதி எல்லாத் துறவிகளையும் அழைத்துக் கேட்க வேண்டும். நல்ல வழியை இறைவன் பல சமயம் இளையவருக்கே காட்டுகிறார் என்பது அவர் சொல்லும் காரணம். இறுதி முடிவு மடாதிபதியுடையது. கேட்க வேண்டிய கடமையும் அவருடையதுதான்.

வாக்கெடுப்பே வேண்டாம் என்றவர்கள் குவேக்கர்கள். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸின் பிரசங்கத்தில் கிளைத்த கிறிஸ்தவப் பிரிவு இது. அவர்களுடைய நிர்வாகக் கூட்டமும் மௌனத்தில்தான் தொடங்கும். தலைமை வகிப்பவருக்கு எழுத்தர் என்று பெயர். தன் கருத்தை நுழைக்காமல், கூட்டத்தின் மனம் எங்கே வந்து சேர்கிறது என்று கவனிப்பது அவர் வேலை. முடிவை அங்கேயே எழுதி, அங்கேயே வாசித்துக் காட்டி, ஒப்புதல் வாங்குவார். மனம் ஒன்றுபடவில்லை என்றால் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1688-இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அடிமைமுறைக்கு எதிராக ஒரு மனு எழுதினார்கள். குவேக்கர்களின் மாதக் கூட்டம் அதைக் காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது, காலாண்டுக் கூட்டம் ஆண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது, ஆண்டுக் கூட்டம் கிடப்பில் போட்டது. செல்வாக்குள்ள குவேக்கர்கள் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். மனம் எப்படி ஒன்றுபடும்?

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1738-இல், பர்லிங்டன் நகரில் நடந்த ஆண்டுக் கூட்டத்துக்கு, அடிமைமுறையை எதிர்த்த பெஞ்சமின் லே வந்தார். நான்கடி உயரம், கூன் முதுகு. மேலே பெரிய அங்கி. உள்ளே குவேக்கர்கள் அறவே வெறுத்த ராணுவ உடையும் வாளும். கையில் உள்ளே குடைந்த ஒரு புத்தகம். அதற்குள் சிவப்புப் பழச்சாறு நிரப்பிய தோல்பை. சக மனிதரை அடிமையாக வைத்திருப்பவர்களின் ரத்தத்தைக் கடவுள் சிந்துவார் என்று முழங்கி, அங்கியை உதறிவிட்டுப் புத்தகத்தை வாளால் குத்தினார். அருகில் இருந்தவர்கள் மேல் செஞ்சாறு தெறித்தது. அவரை வெளியே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கூட்ட ஒழுங்கின்படி லே செய்தது அராஜகம். ஆனால் அந்த ஒழுங்கு யாருக்காக இருந்தது? அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. அவர்களுடைய மௌனத்தை யாரும் சம்மதமாகக்கூட எண்ணிப் பார்க்கவில்லை. 1758-இல்தான், ஜான் உல்மன் போன்ற குவேக்கர்கள் பொறுமையாகப் பேசியதன் பலனாக, ஆண்டுக் கூட்டம் அடிமைகளை வாங்கி விற்பவர்களை நிர்வாகத்திலிருந்து விலக்கி வைத்தது. அடிமைகளை வைத்திருக்கவே கூடாது என்ற முடிவு 1776-இல் வந்தது. முதல் மனுவுக்கும் அதற்கும் இடையில் 88 ஆண்டுகள்.

மறுத்துப் பேசுபவரை அடக்கவும் விதிகள் இருந்திருக்கின்றன. திருநெல்வேலி அருகே மானூரில், சுமார் கி.பி. 800-ஐச் சேர்ந்த பாண்டியர் காலக் கல்வெட்டு, சபையில் எதை எடுத்தாலும் அல்ல, அல்ல என்று முட்டுக்கட்டை போடுபவருக்கு ஐந்து காசு அபராதம் விதிக்கிறது. அப்படி ஒரு சக ஊழியரோடு மாதாமாதம் உட்கார்ந்தவர்கள் இந்த விதியைப் படித்துவிட்டு மனதுக்குள் கைதட்டுவார்கள். அதே கல்வெட்டு, வேதமும் தர்ம சாஸ்திரமும் கற்ற நிலவுரிமையாளர்களுக்கு மட்டுமே சபையில் பேசும் உரிமை என்கிறது. ஊரின் மற்றவர்களுக்கு 'அல்ல' என்று சொல்லி அபராதம் கட்டும் வாய்ப்புகூட இல்லை.

ஆகவே அடுத்த கூட்டத்தை நடத்தப்போகிற வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கருத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு, கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரை முதலில் பேசச் சொல்லுங்கள். "எல்லாருக்கும் ஓகே" என்று எழுதுமுன், அந்த முடிவால் பாதிக்கப்படும் எவராவது அறைக்கு வெளியே நிற்கிறாரா என்று பார்த்து, அவரையும் உள்ளே கூப்பிடுங்கள்.