பாதியில் நின்ற குளிர்காலம்

விலைவாசி ஏறினாலும் சரி, வேலைநிறுத்தம் தொடங்கினாலும் சரி, ஆங்கில ஏடுகள் ‘வின்டர் ஆஃப் டிஸ்கன்டென்ட்’ என்று தலைப்புப் போட்டுவிடும். அதிருப்தியின் குளிர்காலம் வந்துவிட்டதாம், சாட்சிக்கு ஷேக்ஸ்பியர். ஆனால் ‘மூன்றாம் ரிச்சர்ட்’ நாடகத்தின் தொடக்கத்தில் குளோஸ்டர் கோமகன் ரிச்சர்ட் பேசுவது அந்தக் குளிர்காலம் முடிந்துபோனதைப் பற்றி. யார்க் குடும்பம் போரில் வென்று, அவன் அண்ணன் நான்காம் எட்வர்ட் அரியணை ஏறியாயிற்று. யார்க்கின் சூரியனால் குளிர் போய்க் கோடை வந்துவிட்டது என்கிறான். எட்வர்டின் சின்னம் சூரியன். ஆங்கிலத்தில் சூரியனுக்கும் மகனுக்கும் ஒலி ஒன்று என்பதால் சிலேடை வேறு. வாக்கியம் முடிவது அடுத்த அடியில். மேற்கோள் காட்டுபவர்களோ முதல் அடியிலேயே இறங்கிவிடுகிறார்கள். தமிழில் இந்த விபத்து அவ்வளவு எளிதில் நேராது. பயனிலை பெரும்பாலும் கடைசியில்தான் வரும், அதுவரை காத்திருந்தே ஆகவேண்டும்.

வழக்கில் நிலைத்த பொருளே பொருள், பிறகென்ன பிழை என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். சொல்லின் பொருளை அதன் பயன்பாட்டில் பார்க்கச் சொன்னவர் தத்துவஞானி விட்கன்ஸ்டைன். ‘நாற்றம்’ ஒருகாலத்தில் நறுமணத்தையும் குறித்தது. இன்று ஒரு பூவை அப்படிப் பாராட்டிப் பாருங்கள். 1978-79 குளிர்காலத்தில் பிரிட்டனில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் குப்பை மலையாகக் குவிந்தது, லிவர்பூலில் சவக்குழி தோண்ட ஆளில்லை. அந்தப் பருவத்துக்கு இந்தத் தொடர் பெயராகவே ஒட்டிக்கொண்டது. மே மாதத் தேர்தலில் பிரதமர் காலகனின் அரசு தோற்றது. பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது. அதை இனித் திருத்தக் கிளம்புவது வீண் பண்டிதத்தனம். ஆனால் பெயர் வைப்பது வேறு, மேற்கோள் காட்டுவது வேறு. சொல் தானாகத் திரிந்தால் அதற்கு யாரும் பொறுப்பில்லை. ‘ஷேக்ஸ்பியர் சொன்னார்’ என்று எழுதுபவர் இன்னொருவரின் கையெழுத்தைக் கடன் வாங்குகிறார். வாக்கியத்துக்குள் வைத்தே சொல்லின் பொருளைக் கேட்கவேண்டும் என்று 1884-இல் தத்துவஞானி ஃப்ரேகே வகுத்த நெறி இங்கேதான் செல்லும்.

இன்னொன்றும் உண்டு. ‘எங்கள்’ குளிர்காலம் தீர்ந்தது என்று ஊருக்காகத் தொடங்கும் ரிச்சர்ட், சில அடிகளிலேயே ‘நான்’ என்று திரும்புகிறான். ஊனமான தன் உடலுக்கு இந்தச் சமாதானக் காலத்தில் இடமில்லை, ஆகவே வில்லனாவதென்று தீர்மானித்துவிட்டேன் என்கிறான். ஊரின் மனக்குறை ஆறிய நாளில் ஒருவனுடையது முற்றுகிறது. ஆக, அதிருப்தி வளர்வதைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் அந்தப் பேச்சிலேயே இடம் இருக்கிறது, முதல் அடியில் இல்லை. ஷேக்ஸ்பியரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அதுவரையாவது படித்துவிட்டு அழைக்கட்டும்.