வீடும் அயற்கிணறும்

புதுவீடு கட்ட எண்ணுவோர் சாத்திரியாரிடம் நிலையம் எடுப்பித்து, நல்ல நாளில் அத்திவாரக் கல் நாட்டுவது எமது வழக்கம். அது வேண்டியதே. எனினும், எமது காணியில் எமது விருப்பப்படி எதையும் கட்டலாமா என்பதையும் சிந்தித்தல் நன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரிமழை நீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளூடாக இறங்கித் தங்குவதே எமது கிணற்று நீர். காணிக்கு உறுதியுண்டு, எல்லையுண்டு. நிலத்தடி நீருக்கு வேலியில்லை.

பெருவளவுகள் சீதனமாகப் பிரிந்து 2 பரப்பு, 3 பரப்பாகச் சுருங்கிவிட்டன. எமது கிணற்றுக்குத் தூரமென்று மலசலகூடக் குழியை வேலிக்கரையில் வெட்டினால், அது அயலவரின் கிணற்றுக்கு அருகாகிவிடும். கல்வெடிப்புகளில் அழுக்கு வடிபடாமலே விரைந்து பரவும்.

ஆகவே, வீட்டுப்படம் வரையும்போதே அயற்கிணறுகளையும் அதிற் குறிப்பியுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையையும் பிரதேச சபையின் அனுமதியையும் பெற்ற பின்பே குழி வெட்டுங்கள். மலத்தொட்டியின் அடியையும் சுவரையும் கசிவின்றிச் சீமெந்தினாற் பூசுவியுங்கள்.

செலவு கூடுமே எனச் சிலர் கூறுவர். கூடும்தான். முகப்பு அலங்காரத்தில் சிறிது குறைத்தால் அது ஈடாகும். அனுமதி கிடைத்துவிட்டதே என்றிருப்பதும் போதாது. அயல்வீட்டுக் குழந்தை குடிக்கும் நீருக்கு எம்மால் தீங்கு வராமற் காப்பது, எவரும் கேளாவிடினும் எமது கடமையாகும்.

ஆலயக் கிணற்றில் அபிஷேகத்துக்கு அள்ளுவதும் இதே நீரே. குடிபூரலன்று பால் காய்ச்ச முதலில் வந்து நிற்பவர் அயலவர். அவர் மனங்குளிர வாழ்த்தும் வீட்டில் மங்களம் நிலைக்கும்.