கொரிந்தைத் தூண்டிய ஏழைகள்



யெருசலேமில் வாடிய ஏழை இறைமக்களுக்காக உதவி திரட்டினார் புனித சின்னப்பர். கொரிந்து நகரத்தார் முந்திய ஆண்டே ஆர்வத்தோடு தொடங்கினர். காரியம் பாதியில் நின்றது. அப்பொழுது அவர் கட்டளையிடாமல், மக்கேதோனியச் சபைகளைக் காட்டினார்: தாங்களே கொடிய வறுமையில் இருந்தும், கொடுக்கும் பேற்றைத் தங்களுக்கும் தரும்படி மன்றாடிய எளிய மக்கள்! அவர்களை முதலில் தூண்டியதோ, கொரிந்தியரின் ஆர்வத்தைச் சின்னப்பர் புகழ்ந்துரைத்த சொல்லே (2 கொரி. 8, 9).

நாமோ, அயற்பங்கின் குறையென்றால் ஆலய முற்றத்திலேயே பேசித் தீர்த்துவிடுகிறோம். அங்கே இளைஞர் கூடி ஒரு விதவையின் கூரையை வேய்ந்து கொடுத்தால், அச்செய்தியை யார் நம் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்? இவ்வாரம் குடும்பச் செபமாலை முடிந்ததும், பிறர் செய்த நன்மை ஒன்றைப் பிள்ளைகள் கேட்கச் சொல்லுங்கள்.

கொரிந்தியரும் பின்தங்கிவிடவில்லை. மக்கேதோனியாவோடு, கொரிந்து அடங்கிய அக்காயாவும் மனமுவந்து கொடுத்ததாகப் பின்னர் உரோமையருக்கு எழுதுகிறார் சின்னப்பர் (15:26).