பிள்ளையின் காலில் ஒரு பரீட்சை

வாசகரே, இன்னும் நிரூபிக்கப்படாத ஒரு சிகிச்சையைச் சிறு பிள்ளையின் உடலிலே வைத்தியர் செய்து பார்க்கலாமா? ஆகாது என்று உடனே சொல்வீர்கள். சற்றுப் பொறுங்கள்.

1865-ம் ஆண்டு ஓகஸ்ட் 12-ந் திகதி, ஸ்கொத்லாந்திலே கிளாஸ்கோ நகர வைத்தியசாலைக்கு 11 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். வண்டிச் சில்லு ஏறி இடக்கால் எலும்பு முறிந்திருந்தது, தோலும் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல்தான் அக்காலத்தில் யமன். தோல் மூடிய முறிவு மட்டை வைத்துக் கட்டினால் பொருந்தும். காயம் திறந்த முறிவோ சீழ் பிடித்து, அழுகி, ஆளையே கொண்டுபோகும். ஆகவே காலை வெட்டி உயிரைக் காப்பதே வழமை. அந்த வழமையின் விலை என்ன? அங்கு கடமையாற்றிய சத்திரவைத்தியர் யோசப் லிஸ்ரர் பின்னர் வெளியிட்ட கணக்கின்படி, அவருடைய புதிய முறை வருமுன் அவயவம் துண்டிக்கப்பட்ட 35 பேரில் 16 பேர் மாண்டனர்.

லிஸ்ரர் வெட்டவில்லை. அழுகலுக்குக் காரணம் கிருமிகளே என்று பாஸ்ரரின் ஆய்வுகளிலிருந்து உணர்ந்த அவர், சாக்கடை நாற்றத்தைப் போக்கப் பாவித்த கார்போலிக் அமிலத்தில் துணியைத் தோய்த்துக் காயத்தில் வைத்தார். சில மாதங்களுக்கு முன் வேறொருவரிடம் இதே முயற்சி பிழைத்திருந்தது. இம்முறை ஆறு வாரத்தில் எலும்பு பொருந்தியது.

நன்றாக முடிந்ததால் அது நன்று என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை இறந்திருந்தால் நியாயம் அநியாயமாகிவிடுமா? வெட்டுவதும் ஒரு சூதாட்டமே. பழகிப்போனதால் எவரும் அதைப் பரீட்சை என்று அழைக்கவில்லை, அவ்வளவுதான். லிஸ்ரரின் நேர்மையை நான் வேறிடத்தில் காண்கிறேன். 1867-ல் அவர் 11 நோயாளரின் விபரத்தை அச்சிட்டபோது, ஒருவர் இறந்ததையும் மற்றொருவர் அவயவத்தை இழந்ததையும் மறைக்கவில்லை.

இன்று நிலைமை தலைகீழ். கணுக்கால் முறிந்து எலும்பு வெளியே தெரிந்தால் செய்யவேண்டியது தெளிவு: இயன்றால் ஒரு மணித்தியாலத்துள் கிருமிகொல்லி மருந்து, ஏற்புவலித் தடுப்பூசி, பின்பு சத்திரசிகிச்சையால் அழுக்கையும் செத்த தசையையும் அகற்றி, எலும்பை அசையாது பொருத்துதல். இவை உரிய நேரத்தில் நடந்தால் பலர் மீண்டும் தம் காலாலேயே நடக்கிறார்கள். வழி தெரிந்தபின், “முதலில் எண்ணெய் போட்டுக் கட்டிப் பார்ப்போம்” என்று வேறிடம் கொண்டுபோகும் உறவினர்தான் பரீட்சை செய்பவர். அதுவும் தம் காலில் அல்ல. (தோல் கிழியாத முறிவில் எங்கள் முறிவு வைத்தியரின் கைப்பக்குவத்தை நான் குறைத்துப் பேசவில்லை.) வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளாதீர்கள், சுத்தமான துணியால் மூடி, காலை அசையாமல் வைத்து, நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.