பத்துப் பொருத்தமும் ஒரு நாயும்

பெண் கேட்டுப் போகிற இடத்தில் மாப்பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்வார்கள். சம்பளம் என்ன, வீடு சொந்தமா வாடகையா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்பார்கள். அறுபது வயதைத் தாண்டிய பிறகு எனக்கு அப்படி ஒரு பரீட்சை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தாம்பரத்துக்குச் சற்றுத் தள்ளி, பிராணிகள் காப்பகம் ஒன்றுக்கு நாய் கேட்டுப் போயிருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இராது.

"வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், சார்? கீழ் வீடா, மாடியா? பகலில் எத்தனை மணி நேரம் பூட்டிக் கிடக்கும்? இதற்கு முன்னால் நாய் வளர்த்ததுண்டா?"

கடைசிக் கேள்வியில்தான் நான் அகப்பட்டுக்கொண்டேன். வளர்த்ததுண்டு. ஆறு வாரம்.

2015ஆம் வருஷத்து மழையைத் தாம்பரத்துக்காரர்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. டிசம்பர் முதல் தேதியும் மறுநாள் காலையுமாக, ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. அடையாறு கரை கடந்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் ஏரியாகி, தெருவில் படகு போயிற்று. தண்ணீர் சிறிது வடிந்ததும் நண்பர் ஒருவரைத் தேடிக்கொண்டு முடிச்சூர்ப் பக்கம் போனேன். ஒரு வீட்டுச் சன்ஷேடின்மேல் செவலை நிறத்தில் ஓர் இளம் நாய் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. படகுக்காரப் பையன் ஒருவன் அதை எட்டிப் பிடித்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் என் கையில் கொடுத்தான். தோளில் கிடந்த போர்வையை எடுத்து அதைச் சுற்றினேன். அந்த நிமிஷத்தில் என்னைப் போன்ற கருணாமூர்த்தி இந்தச் செங்கற்பட்டு ஜில்லாவிலேயே கிடையாது என்று எனக்குத் தோன்றியது. (ஜில்லாப் பெயர்கள் மாறினாலும் என் வாய் மாறவில்லை, மன்னிக்க வேண்டும்.)

மணி என்று பெயர் வைத்தோம். எங்களுடையது மாடியில் இரண்டு அறை. நானும் கைத்தடி ஊன்றி நடக்கும் என் அக்காவும் மட்டுந்தான். மணிக்கு ஒரு வயதுதான் இருக்கும். அதன் கால்களுக்கு ஒரு மைதானம் வேண்டியிருந்தது. நான் கொடுத்தது பன்னிரண்டடி வராந்தா. நான் எழுத உட்கார்ந்தால் குரைத்தது, எழுந்தால் மேலே பாய்ந்தது. கட்டிப்போட்டேன். இரவெல்லாம் ஊளையிட்டது. கீழ் வீட்டுக்காரர் முதலில் வருத்தப்பட்டார், பிறகு கோபித்தார். ஒரு நாள் அவிழ்த்துவிட்ட சந்தோஷத்தில் அக்காவைத் தள்ளிவிட்டது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. "அதன்மேல் தப்பில்லைடா" என்றாள் அக்கா. அப்படியானால் யார்மேல் தப்பு என்று நான் கேட்கவில்லை.

ஆறாவது வாரம் ஒரு காப்பகத்தில் கொண்டுபோய் விட்டேன். ஆட்டோவில் போகும்போது மணி தலையை வெளியே நீட்டிக் காற்றைக் குடித்துக்கொண்டே வந்தது. எங்கேயோ உலாவப் போகிறோம் என்று நினைத்துவிட்டது.

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கேள்விப்பட்டிருக்கிறோம். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியையும் தெரியும். இதற்குக் கொடைமடம் என்று அழகான பெயர் வைத்துப் பெரியவர்கள் புகழ்ந்துவிட்டார்கள். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மயிலை யாராவது கேட்டார்களா? தோகையோடு போர்வையைச் சுமந்து அது எத்தனை தூரம் போயிருக்கும்? முல்லைக்கு ஒரு கொம்பு நட்டாலே போதும். வள்ளல்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கொடுத்ததோடு போய்விட்டார்கள். மயிலைப் பிடித்து வந்து மாடி அறையில் பூட்டிவைத்து, "உனக்குப் போர்வை கொடுத்தவன் நான்" என்று தினமும் நினைவூட்டவில்லை. நான் செய்தது ஏறக்குறைய அதுதான்.

இதற்கு ஒரு பதில் சொல்லலாம். பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தால் சன்ஷேடிலேயே அந்த நாய் செத்திருக்காதா? செத்திருக்கும். ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். தண்ணீரிலிருந்து தூக்குவது ஒரு நிமிஷத்துக் காரியம். அதற்கு ஜாதகம் தேவையில்லை. வீட்டில் வைத்துக்கொள்வது பத்துப் பன்னிரண்டு வருஷத்துக் காரியம். முதல் நிமிஷத்துப் பெருமையை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷத்தை ஓட்டிவிடலாம் என்று எண்ணியது என் பிசகு.

விமானிகளான காப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் சென்னையில் 1959இல் புளூ கிராஸைத் தொடங்கினார்கள். பரிதாபப்பட்டதோடு அவர்கள் நின்றிருந்தால் நமக்கு அவர்கள் பெயர் தெரிந்திராது. மருத்துவம், தடுப்பூசி, கருத்தடை என்று அலுப்பூட்டும் வேலையெல்லாம் அந்த இரக்கத்தின் பின்னால் வந்தது. நாய்களைப் பிடித்துக் கொல்வதை விட்டுக் கருத்தடை முறைக்குச் சென்னை மாநகராட்சி 1996இல்தான் வந்து சேர்ந்தது. 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தெருநாய் வழக்கில் உத்தரவிட்டபோது, தத்தெடுக்க விரும்புகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம், ஆனால் அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்று சொல்லிற்று. அதைப் பத்திரிகையில் படித்தபோது, பக்கத்தில் யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

தர்மபுத்திரர் பொருத்தமா பார்த்தார் என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்றாரே! உண்மைதான். ஆனால் அந்த நாயை அவர் பொறுக்கி எடுக்கவில்லை. அது தானாகப் பின்னால் வந்தது. மனைவியும் தம்பிகளும் ஒவ்வொருவராக விழுந்த வழியெல்லாம் அது கூடவே நடந்திருக்கிறது. அதைவிடப் பெரிய பொருத்தம் எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது?

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. ஆறு வாரக் கதையை மட்டும் சொன்னேன். காகிதத்தில் எழுதிக்கொண்டாள். முகத்தில் எந்தத் தீர்ப்பும் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

"எல்லாரும் குட்டிதான் கேட்கிறார்கள், சார். இல்லாவிட்டால் ராஜபாளையம் உண்டா என்பார்கள்."

ராஜபாளையத்துக்கு 2005இல் தபால் தலையே போட்டார்கள். வேட்டைக்கும் காவலுக்கும் பிறந்த அந்த ஜாதியை ஃபிளாட் பால்கனியில் கட்டிவைத்திருப்பதைப் பெருங்களத்தூரில் நானே கண்டிருக்கிறேன்.

அவள் எனக்குக் காட்டியது ஒரு கிழட்டுப் பெண் நாய். ஒரு கண்ணில் வெண்படலம். நான் போனபோது எழுந்து வரவில்லை. வாலை மட்டும் இரண்டு தடவை தரையில் தட்டியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மூன்று முறை வந்து அதனோடு சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்னாள். மூன்றாம் முறை அக்காவையும் அழைத்துப் போனேன். கைத்தடியைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு அக்கா உட்கார்ந்தாள். கிழவி எழுந்து வந்து தடியை முகர்ந்துவிட்டு, அதன்மேலேயே தலையை வைத்துப் படுத்தது.

முதல் வாரம் முழுவதும் கட்டிலுக்கு அடியில்தான் வாசம். கூப்பிடக் கூடாது, இழுக்கக் கூடாது, தண்ணீரை வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தாள். பார்த்தேன். எட்டாம் நாள் என் நாற்காலிக் காலடியில் வந்து படுத்தது. இப்போது இதை எழுதும்போதும் அங்கேதான் குறட்டை விடுகிறது.

மணியைப் படப்பைப் பக்கம் ஒரு தோட்டக்காரர் எடுத்துப் போனதாகப் பின்னால் விசாரித்து அறிந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் வேலிக்கு வெளியே நின்றேன். செவலை நிறம் மாமரங்களுக்கிடையே மின்னல் மாதிரி ஓடி வந்தது. நன்றாகச் சதை பிடித்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, கள்ளனைக் கண்டதுபோல என்னைப் பார்த்துக் குரைத்தது.

"யார் சார் வேணும்?" என்று காவல்காரர் எட்டிப் பார்த்தார்.

"யாருமில்லை. தோட்டம் நன்றாயிருக்கிறதே என்று பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தேன்.