நட்சத்திரமும் நற்குணமும்

அச்சிட்ட அட்டவணையொன்று எம் இல்லச் சுவரில் தொங்கியது. பல் துலக்கினால் ஒரு நட்சத்திரம். பாடம் எழுதினால் மற்றொன்று. பழக்கம் படிந்தது, மகிழ்ந்தோம். ஒருநாள், பாட்டிக்குத் தண்ணீர் கொடு என்றபோது, "எத்தனை நட்சத்திரம்?" என்றது குழந்தை. யாம் திகைத்தோம்.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் அமெரிக்க உளவியலார் வெளியிட்ட ஆய்வு ஈண்டு நினைக்கத்தக்கது. விரும்பி வரைந்துவந்த மழலையருள், பரிசுண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டு வரைந்தவர்கள், பின்னர் மற்றவரினும் ஏறத்தாழப் பாதி நேரமே வரைதலில் ஈடுபட்டனர். எதிர்பாராது பரிசு பெற்றோரிடம் அக்குறை இல்லை.

பழக்கத்திற்கு அட்டவணை ஊன்றுகோலாகலாம், அன்பிற்கு ஆகாது. எனினும், ஊதிய உயர்வுத் தேதியை எண்ணி வாழும் நாம் குழந்தையைக் குறைகூறலாமோ? அன்று தண்ணீரை யாமே கொண்டு சென்றோம், குழந்தை பார்த்துக்கொண்டிருந்தது.